அடை முட்டை வாங்குவது எப்படி, உடையாமலும் கெடாமலும் வீடு வந்து சேர்ப்பது எப்படி?

சில்க்கி, பாண்டம், போலிஷ் கேப், நம்ம ஊர் சிறுவிடை என்று அழகுக்காகவும் ஆசைக்காகவும் கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பலர், குஞ்சாக வாங்காமல் முட்டையாக வாங்கிப் பொரிக்க நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் முட்டை பொரிக்கும் கருவியான இன்குபேட்டரைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட முட்டை எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்பதில் கோட்டை விடுகிறார்கள். இன்குபேட்டருக்குள் வைக்கும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. அந்த முதல் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

படி 1: எந்தப் பறவையின் முட்டை?

முதல் தடவை என்றால் கோழி அல்லது காடை. கோழிக்கு 21 நாள், ஜப்பானியக் காடைக்கு 17 அல்லது 18 நாள். பொரித்து வந்ததும் தானே நடந்து, தானே தீனி பொறுக்கும் குஞ்சுகள் இவை. கினிக்கோழிக்கு 26 முதல் 28 நாள் ஆகும், அதை அப்புறம் பார்க்கலாம்.

கிளி முட்டை வேண்டவே வேண்டாம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற பட்ஜி, காக்டெய்ல், புறா எல்லாமே கண் திறக்காமல், ஏறக்குறைய வெற்று உடம்போடு பொரிக்கும். ராத்திரி பகல் பார்க்காமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டினால்தான் பிழைக்கும். அந்த வேலையைத் தாயும் தகப்பனும்தான் சரியாகச் செய்ய முடியும். இணையத்தில் 'மக்காவ் முட்டை, பொரிப்பதற்கு உத்தரவாதம்' என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். அது நன்றாகத் தெரிந்த மோசடி. பச்சைக்கிளி, மயில் முட்டைகளை எடுப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டிலிருந்து எடுத்தாலும் சரி, தோப்பில் கிடந்தது என்று தூக்கி வந்தாலும் சரி.

படி 2: யாரிடம் வாங்குவது?

மளிகைக் கடை வெள்ளை முட்டை பொரிக்காது. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் முட்டையிடும் கோழிகளுடன் சேவல் கிடையாது, அதனால் அவை எல்லாமே கூமுட்டைதான். கடையில் 'நாட்டு முட்டை' என்று விற்பதிலும் சேவல் சேர்ந்ததா, எத்தனை நாள் பழையது என்று யாரும் சொல்ல முடியாது.

கோழி வைத்திருப்பவரிடம் நேரில் போய் வாங்குவதுதான் சரி. சிறுவிடை மாதிரி நாட்டு இனங்களுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையங்களிலோ முதலில் விசாரியுங்கள். சில்க்கி, போலிஷ் கேப் போன்றவை பெரும்பாலும் தனியார் வளர்ப்பாளர்களிடம்தான் கிடைக்கும். முடிந்தவரை அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருப்பவரைத் தேடுங்கள். எங்கோ இருக்கும் உயர்ந்த ரகத்தைவிடப் பக்கத்து ஊரின் புது முட்டை மேல்.

போனதும் முட்டையைப் பார்க்காதீர்கள், கொட்டகையைப் பாருங்கள். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்து பெட்டை என்பது நல்ல கணக்கு. காடையில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெட்டைகள். ஒரே கொட்டகையில் மூன்று இனச் சேவல்கள் திரிந்தால், என்ன நிறத்தில் முட்டை கொடுத்தாலும் இனச் சுத்தம் கிடையாது. நேற்றுத்தான் சேவலைப் பிரித்தோம் என்றால் அதுவும் போதாது. கோழியின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு வாரம் வரைகூடத் தங்கும். பிரித்து மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

மூக்கில் சளி, தும்மல், வீங்கிய கண், வெள்ளையாகக் கழிந்து ஒட்டிய பின்புறம் எதையாவது பார்த்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். மைக்கோபிளாஸ்மா, புல்லோரம் போன்ற நோய்கள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும்.

படி 3: ஒரு முட்டையை உடைத்துப் பாருங்கள்

கரு கூடிய முட்டையா என்பதை அடை வைக்கும் முன் வெளியிலிருந்து எந்த டார்ச் அடித்தும் சொல்ல முடியாது. அதனால் ஒன்றிரண்டு முட்டை கூடுதலாக வாங்கி, அங்கேயே தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெண்புள்ளி தெரியும். தெரியாவிட்டால் மஞ்சளை மெல்லப் புரட்டுங்கள், அது மேலே வரும். கெட்டியான, ஓரம் ஒழுங்கற்ற சின்னப் புள்ளி மட்டும் இருந்தால் அது கூமுட்டை. புள்ளி சற்றே அகன்று, நடுவில் தெளிவாகவும் சுற்றி வெள்ளை வளையமாகவும், கேரம்போர்டின் நடு வட்டம் போல் இருந்தால் கரு கூடியிருக்கிறது. பெரிய பயறு அளவுகூட இருக்காது, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் வளையம் இருப்பதால் எல்லாமே நல்லது என்று ஆகாது, ஆனால் சேவல் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

படி 4: பொறுக்கி எடுப்பது

அந்த இனத்துக்கு நடுத்தர அளவு முட்டைகளை எடுங்கள். மிகப் பெரியதில் இரட்டைக் கரு இருக்கலாம். உருண்டை, கோணல், ஓடு சொரசொரப்பானது வேண்டாம். இரண்டு முட்டைகளை லேசாக ஒன்றோடு ஒன்று தட்டினால் நல்லது 'டிக்' என்று கணீரெனக் கேட்கும், மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் மங்கும்.

எச்சம் அப்பிய முட்டையைத் தவிர்த்துவிடுங்கள். கழுவிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும், நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே போகும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதும் இதே காரணத்தால் கூடாது.

இட்ட தேதியைக் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். ஏழு நாளைத் தாண்டினால் பொரிக்கும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும். சித்திரை வெயிலில் நான் நான்கு நாளுக்கு மேற்பட்டதை எடுப்பதில்லை. முட்டையைப் பத்திரப்படுத்த 15 முதல் 18 டிகிரி வேண்டும். ஏறத்தாழ 21 டிகிரியைத் தாண்டினாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கும், அப்புறம் பலவீனமாகிச் சாகும். 35 டிகிரி அடிக்கும் நம் அறைகளில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தவை என்றாலும் விட்டுவிடுங்கள், அந்தக் குளிர் அதிகம்.

படி 5: கட்டுவதும் கொண்டுவருவதும்

அடிக்கடி பார்ப்பது இது: நல்ல முட்டையை நன்றாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள், பிளாஸ்டிக் பையில் போட்டு பைக் ஹேண்டிலில் மாட்டிவிடுவார்கள்.

அட்டையால் ஆன முட்டைத் தட்டில் கூரிய முனை கீழே, அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் செய்தித்தாளைக் கசக்கிச் சொருகி, முட்டை ஆடவே ஆடாது என்று ஆக்கிவிட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கட்டுங்கள். தட்டு இல்லையா, உமி நிரப்பிய கூடை போதும். நம் கிராமத்து வழக்கம் அது, இன்றைக்கும் நன்றாகவே உதவுகிறது. தவிடு வேண்டாம், பொடி ஓட்டில் அப்பிக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவும் வேண்டாம்.

பயணம் விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ. பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையை விட்டு நடுவில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் குலுக்கலை உங்கள் உடம்பு வாங்கிக்கொள்ளும். காரில் டிக்கி கூடாது, கண்ணாடி அருகே வெயில் படும் இடமும் கூடாது. பார்சலில் வரவழைத்தே ஆக வேண்டும் என்றால் பாதி பொரித்தால் திருப்தி என்ற மனத்தோடு வாங்குங்கள். பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் கேரள எல்லைச் சாவடிகளில் கோழியும் முட்டையும் திருப்பி அனுப்பப்படும். அந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்தும் வாங்காமல் இருப்பதே உங்கள் கோழிகளுக்கு நல்லது.

படி 6: வீடு வந்ததும்

உடனே அடை வைக்காதீர்கள். குளிரூட்டிய வண்டியில் வந்தால் பெட்டியை அரை மணி நேரமாவது மூடியே வைத்திருங்கள். சட்டென்று திறந்தால் ஓட்டில் வியர்வை போல் ஈரம் கோர்க்கும். பிறகு கூரிய முனை கீழாக, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் இருக்கட்டும். இருட்டில் செல்போன் டார்ச்சை அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சாய்க்கும்போது காற்றறையும் சேர்ந்து நழுவினால் பயணத்தில் குலுங்கியிருக்கிறது. அவற்றை அடை வைத்த முதல் சில நாள் திருப்பாமல் நிமிர்த்தியே வையுங்கள். சில பிழைக்கும்.

விசிறி உள்ள இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி. முட்டை வருவதற்கு முந்தின நாளே ஓடவிட்டு வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அடைக்கோழி என்றால் ராத்திரியில் அடியில் வையுங்கள், எட்டு முதல் பத்து முட்டை போதும்.

ஏழாம் நாள் மறுபடி டார்ச் அடியுங்கள். சிலந்தி போல் நரம்புகள் ஓடினால் கரு வளர்கிறது. உள்ளே ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடிச் செத்துவிட்டது. முட்டை பழையதாகவோ, வெப்பத்தில் கிடந்ததாகவோ, வழியில் குலுங்கியதாகவோ இருக்கலாம், இன்குபேட்டரின் சூடு ஏறி இறங்கியிருந்தாலும் இப்படி ஆகும். வெறுமையாகத் தெரிபவற்றை உடைத்து அந்த வெண்புள்ளியைப் பாருங்கள். பெரும்பாலானவை கூமுட்டை என்றால் கொடுத்தவரிடம் படத்தோடு சொல்லுங்கள். நல்ல வளர்ப்பாளர் சேவலை மாற்றுவார், உங்களுக்கு வேறு முட்டையும் கொடுப்பார்.