டுரியான் சீசனுக்கு மலையில் வேலைக்குப் போகிறீர்களா?

மலேசியாவில் பினாங்குத் தீவின் பாலேக் பூலாவ் மலையில், டுரியான் என்ற முள்பழத் தோட்டம் ஒன்றில் விருந்தினர் வந்து தங்கும் பலகை வீடுகள் சில இருக்கின்றன. ஆறு சீசனாக அங்கே வேலைக்குப் போகிறேன். ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுப் பிள்ளைகள் "அக்கா, எங்களையும் சேர்த்து விடுங்கள்" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜூனில் போய்க் கேட்டால் இடம் இருக்காது. பினாங்குத் தீவில் பழம் பெரும்பாலும் மே கடைசியிலிருந்து ஜூலை வரை விழும். பூத்த பிறகு காய் முற்ற மூன்று நான்கு மாதம் ஆகும். பூக்கிற நேரத்தில் பெருமழை அடித்தால் பூவெல்லாம் கொட்டிப்போகும். அதனால் ஏப்ரலிலேயே தவுக்கேயை, அதாவது தோட்ட முதலாளியை, கூப்பிட்டு, காய் எப்படி நிற்கிறது என்று விசாரியுங்கள். காய் குறைந்த வருடத்தில் ஆளும் குறைவாகத்தான் எடுப்பார்கள்.

சம்பளத்தை மலை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். என் முதல் சீசனில், வேறொரு தோட்டத்தில், சாப்பாடும் படுக்கையும் இலவசம் என்று வாயால்தான் சொன்னார்கள். கடைசி நாளில் இரண்டுக்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தார்கள். காட்ட ஒரு துண்டுத் தாள்கூட என்னிடம் இல்லை. அழுதுகொண்டேதான் இறங்கினேன். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), மணிக்கணக்கில் 8.17 வெள்ளி. எதற்கெல்லாம் பிடிப்பார்கள், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பணம் கட்டுவார்களா என்பதை வாட்சாப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

வேலை விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கும். இங்கே டுரியானைப் பறிப்பதில்லை, தானாக விழ விடுவோம். அதிகமும் இரவிலும் விடியலிலும்தான் விழும். அணிலும் குரங்கும் எழும்புவதற்குள் பொறுக்கியாக வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் மரத்தடிக்குப் போகவே போகாதீர்கள். இரண்டு கிலோ முள் உயரத்திலிருந்து வருகிறது, விளையாட்டில்லை. "தொப்" என்று சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள், முதலில் விலகி நில்லுங்கள். ரப்பர் பூட்ஸைத் தினமும் கவிழ்த்து உதறிவிட்டுப் போடுங்கள், உள்ளே பூரான் இருக்கும்.

பத்து மணிக்குமேல் விருந்தினர் வேலை. எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. பழத்தைக் காதருகில் வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், உள்ளே லேசாக அசைய வேண்டும். காம்பு பச்சையாக ஈரமாக இருந்தால் இன்று விழுந்தது. புழு ஓட்டை இருந்தால் தனியே வைத்துவிடுங்கள். வெட்டும்போது அடிப்பக்கம் நட்சத்திரம் மாதிரி கோடுகள் கூடும் இடத்தைத் தேடுங்கள். அங்கே கத்தியின் நுனியைக் குத்தித் திருகினால் ஓடு தானே பிளந்துகொள்ளும். கனத்த கையுறை கட்டாயம்.

பரிமாற ஒரு வரிசை இருக்கிறது. சிவந்த சுளையுள்ள ஆங் ஹே என்ற டுரியான் ரகம் இனிப்பானது, அதை முன்னால் வையுங்கள். சுரைக்காய் வடிவில் இருக்கும் ஹோர் லோர் ரகம் கசப்பு கலந்தது, அது கடைசியில்தான். கசப்பை முதலில் கொடுத்துவிட்டால் அடுத்த பழம் நாக்கில் நிற்காது, பாவம், அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அது பெரிய நஷ்டம். சாப்பிட்டு முடித்ததும் ஓட்டுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுங்கள். சூடு தணியும் என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம்.

மதியத்துக்கு மேல் துணி, பாத்திரம், கூட்டுவது. அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாங்கள் இருக்கும் இடத்தில் போன் லைன் தண்ணீர்த் தொட்டி பக்கம் மட்டும்தான் பிடிக்கும். உங்கள் தோட்டத்தில் எங்கே பிடிக்கும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கெல்லாம் அங்கே போய் அம்மாவிடம் பேசிவிடுங்கள், பசியாறிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் ஒன்பது மணிக்குள் படுங்கள், ஐந்தரைக்கு வேலை தொடங்கிவிடும்.