டேகேர் தொடங்க இடம் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளில் கவனமாக இருங்கள்

டேகேர் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளிலேயே அதிகச் செலவு வைப்பது, முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் விசாரிப்பது. நல்ல இடம், இன்னொருவர் கைக்குப் போய்விடுமோ என்ற பதற்றத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு உரிமம் கேட்டுப் போனால், இந்தக் கட்டடத்தில் டேகேருக்கு அனுமதியில்லை என்று பதில் வருகிறது. வாடகை மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான ஊர்களில் இது ஒரே அனுமதியோடு முடிவதில்லை. அந்தப் பகுதியில் இந்தத் தொழில் நடத்தலாமா என்பது ஒன்று. கட்டடமும் தீ பாதுகாப்பும் சரியா என்பது இன்னொன்று. குழந்தைப் பராமரிப்புக்கான உரிமம் தனி. ஒன்று கிடைத்துவிட்டது என்பதால் மற்றவை கிடைக்கும் என்று அர்த்தமில்லை. “இங்கே எந்தத் தொழில் வேண்டுமானாலும் நடத்தலாம்” என்று புரோக்கர் சொல்வதைக் கடைக்கும் அலுவலகத்துக்கும் வேண்டுமானால் நம்பலாம். தாமாக எழுந்து ஓட முடியாத குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு விதிகள் வேறு. இடம் மிகவும் பிடித்துப்போய் உடனே ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டும் என்றால், உரிமம் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வேலைகள் முடியும்வரை வாடகை வேண்டாம் என்றும் கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் சம்மதிக்காத உரிமையாளரிடம் நான் ஒப்பந்தம் போட மாட்டேன்.

அடுத்தது சதுர அடிக் கணக்கு. விளம்பரத்தில் இருக்கும் பரப்பு வேறு, குழந்தைகளுக்காகக் கணக்கில் எடுக்கப்படும் பரப்பு வேறு. கழிவறை, சமையலறை, நடைபாதை, அலுவலக அறை, பொருள் வைக்கும் அறை எதுவும் பொதுவாகக் கணக்கில் வராது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஒரு குழந்தைக்கு 35 சதுர அடி கேட்கின்றன. ஆஸ்திரேலியாவில் உள்ளே 3.25 சதுர மீட்டர், வெளியே 7 சதுர மீட்டர். 2,000 சதுர அடி இடத்தை 35 ஆல் வகுத்து, 57 குழந்தைகள் என்று ஒருவர் திட்டம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்துப் பார்த்தால் 1,250 சதுர அடிதான் மிஞ்சும். அதில் 35 குழந்தைகளுக்குத்தான் இடம். வாடகை 2,000 சதுர அடிக்கு, வருமானம் 35 பேருக்கு. இந்த வித்தியாசத்திலேயே பல மையங்கள் மூச்சுத் திணறுகின்றன.

ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 3.5 சதுர மீட்டர் வேண்டும். அந்த வயதில் மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும். 24.5 சதுர மீட்டர் அறை என்றால் பரப்புக் கணக்கில் ஏழு குழந்தைகள். ஆனால் அந்த ஏழாவது குழந்தைக்காக மூன்றாவது பணியாளர் ஒருவரை வைக்க வேண்டிவரும். கட்டுப்படியாகாமல் ஆறோடு நிறுத்திக்கொள்வீர்கள். மிச்சமிருக்கும் இடத்துக்குச் சும்மா வாடகை கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனவே உங்கள் ஊர் விதியில் உள்ள பரப்பு, பணியாளர் விகிதம் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் இடம் பார்க்கப் போக வேண்டும்.

வெளியேறும் வழியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 2009 ஜூன் 5 அன்று மெக்சிகோவின் எர்மோசியோ நகரில், கிடங்கை மாற்றியமைத்து நடத்தப்பட்ட ஏபிசி டேகேரில் தீப்பிடித்து 49 குழந்தைகள் இறந்தார்கள். தீ தொடங்கியது டேகேரில் அல்ல, ஒட்டியிருந்த கிடங்கில். அதனால் உங்கள் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு வாசல் இருக்கிறது என்பார்கள். இரண்டும் ஒரே நடைபாதையில் போய்ச் சேர்ந்தால், அந்தப் பாதை புகையால் அடைபடும்போது இரண்டு வாசலும் பயன்படாது. கைக்குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் தரைத்தளம்தான் சரி. ஒரு பணியாளரால் ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகளைத் தூக்க முடியும்? நான்கைந்து குழந்தைகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் சக்கரத் தொட்டில் படிக்கட்டில் இறங்காது. வாசல் அகலத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

கட்டடத்தில் முன்பு என்ன இருந்தது என்று விசாரிப்பவர்கள் குறைவு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிராங்க்ளின் டவுன்ஷிப் என்ற ஊரில் ஒரு டேகேர் இருந்த கட்டடம், அதற்கு முன் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையாக இருந்தது. உள்ளே பாதரச ஆவி இருப்பது தெரியவந்து 2006இல் அதை மூடினார்கள். அதுவரை குழந்தைகள் தினமும் அங்கே விளையாடித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத, வாசனையும் இல்லாத ஆவி அது. ட்ரை கிளீனிங் கடை, அச்சகம், பெட்ரோல் பங்க், பட்டறை போன்றவை இருந்த இடமென்றால், அல்லது இப்போது பக்கத்தில் இருந்தால், பரிசோதனை செய்யாமல் எடுக்க வேண்டாம்.

பழைய கட்டடங்களில் ஈயம் கலந்த பெயின்ட்டும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்து மூடும்போது பெயின்ட் உராய்ந்து தூளாகி விழும். தவழும் குழந்தையின் கை அதில் பட்டு வாய்க்குப் போகும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. புதுப்பிக்கிறோம் என்று பழைய பெயின்ட்டைச் சுரண்டத் தொடங்கினால் தூசி இன்னும் பரவும். முதலில் பரிசோதனை, பிறகுதான் பெயின்ட் வேலை.

தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று பாருங்கள். தடுப்புச் சுவரைச் சேர்ப்பதும் எடுப்பதும் பெரிய வேலையில்லை, ஆனால் கழிவறையை இடம் மாற்றத் தரையை உடைக்க வேண்டும். டயப்பர் மாற்றும் இடத்துக்கு எட்டும் தூரத்தில் கை கழுவும் தொட்டி வேண்டும், அது சமையலுக்குப் பயன்படுத்தும் தொட்டியாக இருக்கக் கூடாது. கழிவறை நடைபாதையின் கடைசியில் இருந்தால், மூன்று வயதுக் குழந்தை “பாத்ரூம்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு பணியாளர் அறையை விட்டுப் போக வேண்டும். மீதிப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

அறைக்குள் போனதும் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து பாருங்கள். தூணோ, ‘ட’ வடிவத் திருப்பமோ அறையின் ஏதாவது ஒரு பகுதியை மறைக்கிறதா? ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். எதிரொலி நீண்டால், இருபது குழந்தைகளின் சத்தத்தில் அங்கே யாரும் தூங்க முடியாது. வெளியே விளையாடும் இடத்தில் நண்பகலில் நிழல் இருக்கிறதா, அங்கே போகச் சாலையைக் கடக்க வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

மதியம் ஓய்வாகப் போய் இடம் பார்ப்பதும் ஒரு தவறு. வேலை நாளில், பெற்றோர் குழந்தையை விட வரும் காலை நேரத்தில் போய் நில்லுங்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவார்கள். வண்டியை நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, பையைக் கொடுத்து, அழுகையைச் சமாதானப்படுத்திவிட்டுக் கிளம்ப ஐந்து பத்து நிமிடம் ஆகும். அத்தனை வண்டிகளும் எங்கே நிற்கும்? மேல்மாடியில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சத்தம் பற்றிய புகார் திறந்த முதல் வாரத்திலேயே வரலாம்.

எல்லாம் பொருந்தினால் ஒப்பந்தக் காலத்தைப் பாருங்கள். கழிவறை, வேலி, வாசல் என்று சொந்தப் பணத்தைப் போட்டு மாற்றிய இடத்தை ஒரே வருடத்தில் காலி செய்யச் சொன்னால் போட்டது போனதுதான். நீட்டிக்கும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும், கூரையும் குழாயும் பழுதானால் யார் செலவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், வரைபடத்தோடு உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். இடத்தை நேரில் வந்து பார்க்க முடியுமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.