ஆள் துணை இல்லாமல் ஸ்போக்கன் இங்கிலீஷ் பழகுவது எப்படி?

ஹாஸ்டலில் யாராவது ஆங்கிலத்தில் இரண்டு வரி பேசினால் போதும், "என்னடா பீட்டர் விடுற?" என்று கிளம்பிவிடுவார்கள். பேசிப் பார்க்க ஆள் இல்லை, வகுப்புக்குப் போகக் காசும் இல்லை என்ற நிலையில் நான் போனை வைத்தே பழகிக்கொண்ட முறை இது. ஜூனியர்கள் கேட்பதால் வரிசையாக எழுதுகிறேன். ஆப் இறக்குவது, மைக்குக்கு அனுமதி கொடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வேண்டியவை: போனில் ஏற்கெனவே இருக்கும் ரெக்கார்டர், ஒரு நோட்டு, வயர் உள்ள இயர்போன். ப்ளூடூத் வேண்டாம். அதன் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பெரும்பாலும் போன்கால் தரத்துக்கு இறங்கிவிடும். உங்கள் குரலே உங்களுக்குக் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். காசு கட்டும் ஆப்களும் இப்போதைக்கு வேண்டாம்.

படி 1: தலைப்பு

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்பதில் தொடங்காதீர்கள். அதை எல்லோரும் மனப்பாடம்தான் செய்கிறார்கள். லேபில் செய்த டைட்ரேஷன், ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் வழி, மெஸ்ஸில் நடந்த சண்டை என்று, தமிழில் கேட்டால் தடங்கலில்லாமல் சொல்லக்கூடிய ஒன்றை எடுங்கள். நோட்டில் ஐந்தாறு சொற்கள் மட்டும் குறியுங்கள். முழு வாக்கியம் எழுதினால் அது பேச்சு அல்ல, வாசிப்பு.

படி 2: 4/3/2

இந்த முறையை 1983-ல் மாரிஸ் என்பவர் விவரித்தார். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் வழியாகப் பரவியது. ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம், அப்புறம் 3, கடைசியில் 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பவர் மாறுவார். நமக்கு ரெக்கார்டர்தான் கேட்பவர். 4 நிமிடம் மலைப்பாக இருந்தால் 2, ஒன்றரை, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இனிமேல்தான். முதல் சுற்று முடிந்ததும் பதிவைப் போட்டுக் கேளுங்கள். சொந்தக் குரல் கூசும். கூசினாலும் கேளுங்கள். இலக்கணப் பிழையைத் தேட வேண்டாம், எங்கே நின்றீர்கள் என்று மட்டும் பாருங்கள். சரளமாகப் பேசுபவர்களும் நிற்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஒரு கருத்து முடிகிற இடத்தில். நாம் வாக்கியத்தின் நட்டநடுவில் நிற்கிறோம். அங்கே பெரும்பாலும் ஒரு சொல் கிடைக்காமல் இருக்கும். டைட்ரேஷனைச் சொல்லும்போது பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாமல்தான் நின்றிருப்பீர்கள். அந்தச் சொல்லை மட்டும் தேடி நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

படி 3: கூடவே பேசுதல்

இதை ஷேடோயிங் என்பார்கள். ஒலி ஓட ஓட, அரை நொடி பின்னால் நாமும் அதையே சொல்வது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் லேர்னிங் இங்கிலீஷ் நிகழ்ச்சிகளை எடுங்கள். 1959-ல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில் தொடங்கியது. சுமார் 1,500 சொற்களை அடிப்படையாக வைத்து, செய்தியை நிதானமாக வாசிப்பார்கள். பழைய நிகழ்ச்சிகளே நமக்கு ஏராளம். பிபிசியின் 6 மினிட் இங்கிலீஷும் எழுத்து வடிவத்தோடு கிடைக்கும், ஆனால் அதில் இருவர் மாறி மாறிப் பேசுவதால் தொடக்கத்தில் மூச்சு வாங்கும். அரை நிமிடத் துண்டு போதும். யூடியூபில் பல்சக்கரக் குறியைத் தட்டி வேகத்தை 0.75 ஆக்கிக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் ஒலி இழுபடும்.

படி 4: வாய்ஸ் டைப்பிங்கை நம்பும் அளவு

ஜிபோர்டில் (கூகுளின் கீபோர்டு ஆப்) மைக்கைத் தட்டிப் பேசினால் எழுத்து சரியாக விழுகிறது, ஆகவே உச்சரிப்பு சரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது முன்பின் சொற்களைப் பார்த்து ஊகிக்கிறது. "பஸ்ஸு", "புக்கு" என்று கடைசியில் நம் வழக்கப்படி உகரம் சேர்த்தாலும், வாக்கியம் பொருந்தினால் அது சரியாகவே எழுதிவிடும்.

ஆகவே ஊகிக்க வழியில்லாத வாக்கியமாகக் கொடுங்கள். "ஐ சா எ கோட்" என்பதில் மேல்சட்டையும் பொருந்தும், ஆடும் பொருந்தும். நீங்கள் நினைத்தது விழுகிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்தில் க, ப, ட ஆகியவற்றுக்குத் தலா இரண்டு ஒலிகள் இருப்பதால் நமக்கு வழுக்கும் இடம் இது. அதேபோல் ஷிப் - சிப், ஃபேன் - பேன், மேற்குக்கான வெஸ்ட் - பனியனுக்கான வெஸ்ட். கீபோர்டு மொழியை இங்கிலீஷ் இந்தியா என்று வைத்துச் சோதியுங்கள். அமெரிக்கர்போல் பேசவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

சொல்லின் எந்த அசை அழுந்துகிறது என்பதை இந்தச் சோதனை காட்டாது. 'டெவலப்' என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அழுத்தம் இரண்டாவதில் வர வேண்டும். இதற்கு யூக்ளிஷ் தளம்தான் என் விருப்பம். சொல்லைக் கொடுத்தால் அதைப் பலர் பேசும் யூடியூப் துண்டுகளை அடுத்தடுத்துக் காட்டும்.

படி 5: ஏஐயுடன் பேசுவது

சாட்ஜிபிடி போன்றவற்றின் குரல் வசதியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அது நீங்கள் எப்படிப் பேசினாலும் புரிந்துகொண்டு பாராட்டும். அந்தப் பாராட்டால் ஒரு பயனும் இல்லை. "நடுவில் திருத்தாதே, நான் முடித்ததும் மூன்று பிழைகளை மட்டும் சொல், பாராட்டாதே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: ரெக்கார்டர் கோப்பு கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் நிரலில் திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது எம்4ஏ கோப்பாக இருக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலையும் நிறுவினால் திறக்கும், இல்லாவிட்டால் ரெக்கார்டரின் அமைப்பில் வேவ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பின்சேர்க்கை 2: "ரூமில் நாலு பேர், எங்கே பேசுவது?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். ரெக்கார்டரை ஓடவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நடங்கள். யாரோடோ கால் பேசுவதாக நினைத்து ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிஜமான கால் வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும், அதனால் முதலில் ஏரோப்ளேன் மோடில் போட்டுக்கொள்ளுங்கள்.