கேமராவைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்: எடிட்டிங் சிஸ்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதம் நெருங்கினால் போதும், கல்யாண வீடியோ எடிட் செய்யும் பிள்ளைகள் புது சிஸ்டம் போடக் கிளம்பிவிடுவார்கள். "அண்ணே, இது போதுமா பாருங்க" என்று பாகங்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். பார்த்ததும் மனசு சங்கடப்படும். எங்கள் செட்டில் எல்லோரும் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள், மாடல் நம்பர் மட்டும் புதிது. ராம் 32 ஜிபிக்குக் குறையக்கூடாது, விண்டோஸை ஹார்ட் டிஸ்கில் போடக்கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு, யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

ஃபைல் என்னவென்று பார்க்காமல் ப்ராசஸர் வாங்குவது

இந்த ஒரு தவறுக்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கடையில் நிற்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். கேட்காததால் லட்சக்கணக்கில் செலவழித்த சிஸ்டம் ஒரு முகூர்த்த வீடியோவைக்கூட ஒழுங்காக ஓட்டாமல் நிற்கிறது.

செங்கல்பட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர் சென்னையில் ஒரு கடையில் சிஸ்டம் போட்டார். கோர் ஐ7 14700கேஎஃப் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு, 64 ஜிபி ராம். பட்டியலாகப் பார்த்தால் குறையே இல்லை. அவருடைய கேமரா சோனி ஏ7 ஃபோர். எக்ஸ்ஏவிசி எச்எஸ் ஃபார்மட்டில் (எச்.265 முறையில் சுருக்கிய சோனி ஃபைல்) 4கே 50பி, அதாவது விநாடிக்கு 50 ஃப்ரேம், 10 பிட் 4:2:2. இந்த 4:2:2 என்பது நிறத் தகவல் எவ்வளவு பதிவாகிறது என்பதன் அளவு, 4:2:0-வில் அதில் பாதிதான். இரண்டு கேமரா கிளிப்பை மல்டிகேமில் அடுக்கியதும் படம் திக்கித் திக்கி ஓடியது. ராமை மாற்றிப் பார்த்தார். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டார். புதிதாக ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் வாங்கினார். கடைக்காரர் கடைசியில் சொன்னது, "கார்டு பத்தல தம்பி, 4080 போடுங்க."

கார்டுக்கு ஒன்றுமில்லை. 4080 போட்டிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். எச்.265-இல் 4:2:2 ஆக எடுத்த வீடியோவை ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் எந்த என்விடியா கார்டின் டீகோடரும் (சுருக்கிய வீடியோவைத் திரும்ப விரிக்கும் பகுதி) பிரித்துக் கொடுக்காது. 4:2:0 என்றால் கொடுக்கும். ரேடியான் கார்டுகளிலும் 4:2:2 இல்லை. ரைசன் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸிலும் இல்லை. அந்த வேலையைச் செய்வது இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ். குயிக் சிங்க் என்பார்கள். டெஸ்க்டாப்பில் 11ஆம் தலைமுறையிலிருந்து அதற்கு இந்தத் திறமை உண்டு. மாடல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்த உள் கிராஃபிக்ஸ் கிடையாது. 14700கே-க்கும் 14700கேஎஃப்-க்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. "தனி கார்டுதான் போடுறீங்களே, உள்ள இருக்கிறது எதுக்கு?" என்று எஃப்-ஐ எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கேம் விளையாட வாங்குபவருக்கு அது சரியான யோசனைதான். எடிட்டருக்குச் சொல்லக்கூடாத யோசனை.

டீகோட் செய்ய ஆளில்லாதபோது அந்தச் சுமை முழுவதும் ப்ராசஸரின் கோர்கள் மேல் விழுகிறது. எச்.265 ஃபைலில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முழுப் படமாக இருப்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களை வைத்துத்தான் அவற்றைக் கட்ட வேண்டும். கர்சரை நீங்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிப் போடும்போதெல்லாம் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். விநாடிக்கு 50 ஃப்ரேம், அதுவும் இரண்டு கேமராவுக்கு என்றால் 20 கோர் இருந்தும் மூச்சு வாங்கும்.

உங்கள் சிஸ்டத்தில் இதுதான் கோளாறா என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்து ஃபார்மட், பிட் டெப்த், க்ரோமா சப்சாம்பிளிங் மூன்றையும் பாருங்கள். அப்புறம் டைம்லைனில் கிளிப்பை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து 'வீடியோ டீகோட்' கோட்டைப் பாருங்கள். கோடு தரையில் படுத்திருந்து சிபியு மட்டும் உச்சியில் இருந்தால், வேலை தவறான இடத்தில் நடக்கிறது என்று அர்த்தம்.

எஃப் இல்லாத ப்ராசஸர் வாங்கியும் திக்குகிறது என்று வருபவர்கள் உண்டு. தனி கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸுக்குள் (மதர்போர்டின் சொந்த அமைப்புப் பக்கம்) போய் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' மாதிரி ஒரு பெயரில் இருக்கும் அமைப்பை ஆன் செய்து, இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரையும் போட வேண்டும். பிறகு எடிட்டிங் மென்பொருளில், பிரீமியர் என்றால் மீடியா அமைப்புகளிலும், ரெசால்வ் ஸ்டூடியோ என்றால் டீகோட் ஆப்ஷன்ஸிலும் இன்டெல்லுக்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது, நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. நாம் பால் (PAL) என்னும் வீடியோ முறையில் 25பி, அதாவது விநாடிக்கு 25 ஃப்ரேம் எடுப்பவர்கள். ஏ7 ஃபோரில் பால் முறையில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4கே-வுக்கு 25பி கிடையாது. 25பி வேண்டுமென்று எக்ஸ்ஏவிசி எஸ்-க்குப் போனால் அது எச்.264. அதில் 10 பிட் 4:2:2 வைத்தால் மேலே சொன்ன குயிக் சிங்க்கும் உதவாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்த பிறகுதான் எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-ஐ என்விடியா கார்டு கையாள்கிறது. அதற்கும் எடிட்டிங் மென்பொருள் புதிய பதிப்பாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே எஃப் வாங்கிவிட்டவர்கள் சிஸ்டத்தை விற்கத் தேவையில்லை. எக்ஸ்ஏவிசி எச்எஸ்ஸில் 10 பிட் 4:2:0 தேர்ந்தெடுத்து எடுத்தால் இருக்கிற கார்டே பார்த்துக்கொள்ளும். பச்சைத் திரை வேலை இல்லாத கல்யாண வீடியோவில் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவர் அரிது. இடம் இருந்தால் இரண்டாவது ஸ்லாட்டில் இன்டெல் ஆர்க் ஏ380 போன்ற சிறிய கார்டைப் போடலாம், அதற்கு எச்.265 4:2:2 தெரியும். எதுவும் முடியாவிட்டால் ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் பயன்படும் லேசான நகல். இரவு தூங்கப் போகும்போது ப்ரோரெஸ் ப்ராக்ஸியாக மாற்றப் போட்டுவிட்டால் காலையில் வெண்ணெய் மாதிரி ஓடும். அந்தத் தம்பி இப்போது ப்ராக்ஸியில்தான் வேலை செய்கிறார். 4080 வாங்கவில்லை.

யூபிஎஸ் பெட்டியில் இருக்கும் எண்ணை வாட் என்று படிப்பது

600 விஏ என்று போட்டிருக்கும் சாதாரண யூபிஎஸ் கொடுப்பது 360 வாட் அளவுதான். 14700கே முழுச் சுமையில் 253 வாட் வரை இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 4070 இன்னொரு 200. மானிட்டரையும் டிஸ்குகளையும் சேர்க்காமலே கணக்கு தாண்டிவிட்டது. டைப் அடிக்கும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்கும். எக்ஸ்போர்ட் நடக்கும்போது போனால் சிஸ்டமும் சேர்ந்து அணையும். வாட் கணக்கைப் பார்த்து வாங்குங்கள்.

முதல் தடவை திரை கருப்பாக இருந்தால் பயந்து அணைப்பது

டிடிஆர்5 ராம் போட்ட புது சிஸ்டம் முதல் முறை ஆன் ஆகும்போது மதர்போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. பாதியில் சுவிட்சை அணைத்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். போர்டு செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிப்போய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ராம் விஷயத்திலேயே இன்னொன்று. 16 ஜிபி நான்கு வாங்குவதைவிட 32 ஜிபி இரண்டு வாங்குங்கள். நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால் டிடிஆர்5 வேகம் குறையும், சில நேரம் காரணமே தெரியாமல் எக்ஸ்போர்ட் நடுவில் முடங்கும்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் வைத்துக்கொண்டு பயாஸை அப்டேட் செய்யாமல் இருப்பது

அதிக வோல்டேஜால் இந்த ப்ராசஸர்கள் நாளடைவில் பழுதாகும் கோளாறு 2024-இல் வெளியே வந்தது. திருத்தம் பயாஸ் அப்டேட்டாகத்தான் வருகிறது. பழுதான ப்ராசஸரை அப்டேட் சரிசெய்யாது, அதனால் இன்றே செய்யுங்கள். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

எர்த் இல்லாத பிளக் பாயின்ட்

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எடிட்டரை அல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எஸ்எஸ்டி பெட்டியில் இருக்கும் வேகத்தை நம்புவது

அந்த வேகம் முதலில் கொஞ்ச நேரத்துக்குத்தான். மலிவான க்யூஎல்சி டிரைவுகளில் (ஒரு செல்லில் நான்கு பிட் அடைப்பவை) கேஷ், அதாவது வேகமாக எழுதும் தற்காலிக இடம், நிறைந்ததும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். 140 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 63 ஜிபி. இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் 630 ஜிபி. இதை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போதுதான் டிரைவின் உண்மையான வேகம் தெரியும். டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்), டிரேம் கேஷ் (டிரைவுக்குள்ளேயே தனி மெமரி) இரண்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ரெய்டு

ஒரே ஃபைலை இரண்டு டிஸ்கிலும் சேர்த்து எழுதும் ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அழியும்.

மொபைலில் எடுத்த கிளிப்பை அப்படியே டைம்லைனில் போடுவது

பெண் வீட்டார் அனுப்பும் மொபைல் வீடியோவில் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. போகப் போக நாதஸ்வரம் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் ஓடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' வைத்து மாற்றிவிட்டுப் போடுங்கள்.

வேலை நடுவில் மென்பொருளை அப்டேட் செய்வது

ரெசால்வில் புராஜெக்ட் லைப்ரரி புதிய பதிப்புக்கு ஏறிவிட்டால் பழைய பதிப்பில் திறக்காது. ஆல்பமும் வீடியோவும் டெலிவரி கொடுத்து முடியும் வரை அந்த அறிவிப்பை மூடியே வையுங்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் லைப்ரரியை முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.