கப்பலேறும் முன் பட்டகோனியாவில் தனியாகக் கார்ப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்டார்க்டிகா ஆய்வுக் கப்பலைப் பிடிக்க சிலியின் புன்டா அரீனாஸுக்கு வரும் இளம் ஆய்வாளர்கள் பலர், ஒரு வாரம் முன்னதாகவே வந்து வாடகைக் கார் எடுத்து, தென் அமெரிக்காவின் தென்கோடியான பட்டகோனியாவைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிவிடுகிறார்கள். பனியாறும் புல்வெளியும் குவானாக்கோ (ஒட்டக இனக் காட்டு விலங்கு) மந்தைகளுமாக இருக்கும் அந்த நிலத்தைப் பார்க்காமல் கப்பலேறுவது பெரிய இழப்புதான். போகட்டும். ஆனால் பருவத்துக்குப் பருவம் புதியவர்கள் அதே பழைய தவறுகளையே செய்கிறார்கள். பாஸ்போர்ட்டை மறப்பது, குளிருடை இல்லாமல் வருவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவை இங்கே இல்லை.

தொலைதூரத்தைக் கடைசி நாளுக்கு வைப்பது

எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு இது. போகும் வரிசையை மாற்றினாலே தவிர்த்துவிடலாம் என்பதால்தான் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

வழக்கமாக நடப்பது இப்படி. முதலில் பக்கத்திலிருக்கும் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்கா, அடுத்து அர்ஜென்டினாவின் மலையூரான எல் சால்ட்டேன், கடைசியாக அந்நாட்டின் தென்கோடி நகரமான உஷுவாயா. கப்பலேற ஒரே நாள் மிச்சமிருக்கும்போது ஆள் உஷுவாயாவில் நிற்பார். அங்கிருந்து புன்டா அரீனாஸ் சுமார் 620 கி.மீ. காலையில் கிளம்பினால் இரவுக்குள் வந்துவிடலாம் என்று கைபேசி வரைபடம் சொல்லும்.

வரைபடத்துக்குத் தெரியாதவை உண்டு. சான் செபாஸ்டியன் எல்லையில் அர்ஜென்டினா சாவடியில் ஒருமுறை, சிலி சாவடியில் ஒருமுறை இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். அதைவிடப் பெரியது மகெல்லன் நீரிணை. உஷுவாயா இருப்பது தீவில், பாலம் கிடையாது. பஹியா அசூலில் காரைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர வேண்டும். கடக்க அரை மணிகூட ஆகாது. ஆனால் அந்தக் குறுகலில் கடல் ஏற்ற இறக்கத்தின் நீரோட்டம் மிக வேகமானது. பலத்த காற்றும் சேர்ந்துகொண்டால் படகை நிறுத்திவிடுவார்கள். சில மணி நேரத்தில் திறக்கலாம், ஓர் இரவும் ஆகலாம். லாரிகளின் பின்னால் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான், சுற்றிப்போக வேறு சாலை இல்லை.

கப்பல் காத்திருக்காது. ஆய்வுக் கப்பலை ஒரு நாள் இயக்கவே பல பத்தாயிரம் டாலர் ஆகும். ஒருவருக்காக அதை நிறுத்தி வைக்க மாட்டார்கள். உடை வழங்கல், பாதுகாப்புப் பயிற்சி ஆகியவற்றுக்காகப் புறப்பாட்டுக்கு முன்னதாகவே ஏறிவிடச் சொல்வதும் உண்டு, ஆகவே புறப்படும் தேதியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. வழியில் ஏறிக்கொள்ள அடுத்த துறைமுகம் என்று ஒன்றும் இல்லை. வராதவரின் வேலை மற்றவர்கள் தலையில் விழும். கடலில் மாதிரி எடுப்பது பெரும்பாலும் 12 மணி நேர முறையில் நடக்கும்: நள்ளிரவு முதல் நண்பகல் வரை ஒரு குழு, அங்கிருந்து நள்ளிரவு வரை இன்னொன்று. அதில் ஓர் ஆள் குறைந்தால், மூவர் வேலையை இருவர் வாரக்கணக்கில் இழுக்க வேண்டும்.

எனவே வரிசையைத் தலைகீழாக்குங்கள். வந்ததும் தொலைவானதற்குப் போங்கள். எல்லையும் படகும் பயணத்தின் முதல் பாதியிலேயே முடிந்துவிட வேண்டும். கடைசி நாள்களை டோரஸ் டெல் பைனேக்கும் அதற்கு அருகிலுள்ள புவேர்ட்டோ நட்டாலெஸ் ஊருக்கும் ஒதுக்குங்கள். நட்டாலெஸிலிருந்து புன்டா அரீனாஸ் சுமார் 250 கி.மீ., நல்ல சாலை, நடுவே எல்லையோ படகோ இல்லை. ஏறச் சொன்ன நாளுக்கு இரண்டு முழு நாள் முன்பே காரை ஒப்படைத்துவிடுங்கள். கையில் ஒரு வாரம்தான் என்றால் உஷுவாயாவை விட்டுவிடுங்கள்.

காற்றைப் பார்க்காமல் கதவைத் திறப்பது

பின்னாலிருந்து வரும் காற்று கதவைப் பிடுங்கிக் கீலையே வளைத்துவிடும். பல வாடகைக் காப்பீடுகளில் இதற்கு இழப்பீடு கிடையாது. கையெழுத்திடும் முன் கேளுங்கள். காரின் முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்தி, கதவை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும்.

சரளையில் தார்ச்சாலை வேகம்

60 கி.மீ.க்கு மேல் வேண்டாம், வளைவில் இன்னும் குறையுங்கள். முன்சென்ற சக்கரங்கள் பதித்த தடத்திலேயே ஓட்டுங்கள். தடங்களுக்கு நடுவே குவிந்திருக்கும் சரளையில் சக்கரம் ஏறினால் பிடிமானம் போய்விடும். அப்போது பிரேக்கை மிதித்தால் கார் சுழலும். காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடிப்பதே வழி. எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்குங்கள், கண்ணாடி உடைவது அப்போதுதான். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று வாடகைக்கு எடுத்த இடத்திலேயே பாருங்கள்.

இரவில் ஓட்டுவது

வேண்டாம். ஒரு குவானாக்கோ சாலையைத் தாண்டினால் பின்னால் இன்னும் நாலு வரும்.

பாதி டேங்க் போதும் என்பது

போதாது. பங்க் கண்ட இடத்தில் நிரப்புங்கள்.

எல்லைத் தாளைக் கடைசியில் கேட்பது

சிலியில் எடுத்த வாடகைக் காரை அர்ஜென்டினாவுக்குள் கொண்டுபோகத் தனி அனுமதித் தாளும் காப்பீடும் வேண்டும். தயாராகச் சில நாள் பிடிக்கும் என்பதால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது பையில் பழம், இறைச்சி, விதை எது இருந்தாலும் சிலி சாவடியில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் அபராதம்.

மண்ணும் விதையுமாகக் கப்பலேறுவது

நடைப்பயணத்துக்குப் போட்ட அதே காலணி, அதே பை, அதே காற்றுடையோடு பலர் நேராகக் கப்பலுக்கு வருகிறார்கள். பட்டகோனியப் புதர்க்காட்டில் அசீனா செடியின் கொக்கிமுள் காய்கள், நாயுருவி விதை வேட்டியில் ஒட்டுவதுபோல, காலுறை முழுக்க ஒட்டிக்கொள்ளும். 2007–08 பருவத்தில் அண்டார்க்டிகா சென்றவர்களின் உடைமைகளைச் சோதித்தபோது, விதையோடு வந்தவர்களிடம் ஆளுக்குச் சராசரியாக 9.5 விதைகள் இருந்தன. சுற்றுலாப் பயணிகளைவிட ஆய்வாளர்களிடம்தான் அதிகம். அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் போவா அனுவா என்ற அந்நியப் புல் 1980களிலேயே வேரூன்றிவிட்டது. அந்த நிலத்தைப் படிக்கப் போகிறவரே அதைக் கெடுக்கலாமா?

மிச்சம் வைத்த இரண்டு நாளில் ஒன்று இதற்குத்தான். காலுறைகளைக் கழுவிப் பயனில்லை, புதியவை வாங்குங்கள். காலணி அடியின் பள்ளங்களை முதலில் ஊசியாலோ வளைத்த கம்பியாலோ கிளறி, பிறகு பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். ஈரத்தோடு கிளறினால் மண் இன்னும் உள்ளே அப்பிக்கொள்ளும். வெல்க்ரோ பட்டைகளில் சிக்கிய விதைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பைகளின் அடித்தையல், சட்டைப்பைகளின் மூலை, முக்காலியின் கால்நுனி ஆகியவற்றுக்கு வேக்குவம் கிளீனர். முடிந்தால் கப்பலுக்கென்று தனிக் காலணி வைத்துக்கொள்வதே மேல்.

ஆய்வுக் கருவிகளைக் காரில் வைத்துச் சுற்றுவது

கூடாது. கப்பல் தரப்பிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

குமட்டல் தடுப்புப் பட்டையை ஒட்டிக்கொண்டு ஓட்டுவது

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவிலுள்ள ட்ரேக் நீரிணையைக் கடக்க மருத்துவர் ஸ்கோபோலமைன் பட்டை (தோலில் ஒட்டும் மருந்து) எழுதித் தந்திருந்தால், அதைக் காதுக்குப் பின்னால், தேவைப்படுவதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பு ஒட்ட வேண்டும். மூன்று நாள் வேலை செய்யும். தூக்கமும் மங்கலான பார்வையும் வரும் என்பதால் காரின் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகே ஒட்டுங்கள். ஒட்டியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் கண்பாவை விரிந்துவிடும்.