வேல்ஸ் மலையில் ஆடுகளைக் கூட்டாகத் திரட்டிக் கற்பட்டியில் பிரிக்கும் முறை

வடக்கு வேல்ஸின் கார்னெதாய் மலைத்தொடரில், 1965ஆம் ஆண்டின் பொதுநிலப் பதிவுச் சட்டப்படி பதிவான மேய்ச்சல் உரிமை கொண்ட பல பண்ணைகளின் செம்மறியாடுகள் வேலியில்லாத ஒரே வெளியில் மேய்கின்றன. குட்டி தன் மேய்ச்சல் சரிவைத் தாயிடமிருந்தே கற்றுக்கொள்வதால் ஒவ்வொரு மந்தையும் பெரும்பாலும் தன் இடத்தை விட்டு விலகுவதில்லை. ஆயினும் ஓரங்களில் மந்தைகள் கலந்துவிடும். ஒரு பண்ணையார் தனியாக ஆடு திரட்டினால் அண்டைப் பண்ணைகளின் ஆடுகளையும் சேர்த்தே ஓட்டிவர நேரிடும் என்பதால், எல்லாரும் ஒரே நாளில் ஏறுவதே வழக்கம்.

முதலில் பட்டியைச் சரிபார்க்க வேண்டும். நடுவில் ஒரு பெரிய முற்றமும், அதைச் சுற்றிப் பண்ணைக்கு ஒன்றாகச் சிறு அறைகளும் கொண்ட இந்தப் பட்டிகள் சாந்தில்லாமல் அடுக்கிய கல்லால் ஆனவை. சரிந்த பகுதியை மேலோட்டமாக அடைக்காமல், உறுதியான வரிசை வரை பிரித்துவிட்டு மறுபடி எழுப்ப வேண்டும். பெரிய கற்களை அடியில் வைத்து, ஒவ்வொரு கல்லின் நீளமும் சுவருக்குள் போகும்படியும், கீழ்வரிசையின் இணைப்பு மேல்கல்லால் மூடப்படும்படியும் அடுக்குக. சுவரின் இரண்டு பக்க முகங்களும் உயர உயர உள்நோக்கிச் சாய வேண்டும். அவற்றின் இடைவெளியில் சிறு கற்களை ஒவ்வொன்றாக இறுக்கி வைக்க வேண்டுமே தவிர, அள்ளிக் கொட்டக் கூடாது. இடையிடையே சுவரின் இருபுறமும் எட்டும் நீளக்கற்களை வைத்து, உச்சியில் கனமான கற்களை வரிசையாக நிறுத்தினால் சுவர் தன் எடையாலேயே நிற்கும்.

திரட்டும் நாள் பொதுவாகக் கோடையில் மயிர் கத்தரிப்பதற்கும், இலையுதிர் காலத்தில் தாயிடமிருந்து குட்டிகளைப் பிரிப்பதற்கும் குறிக்கப்படும். உச்சியில் மேகம் இறங்கியிருந்தால் தயங்காமல் ஒத்திவைக்கவும். மிரண்ட ஆடு மேட்டை நோக்கியே ஓடும். ஆகவே ஆட்களும் நாய்களும் விடியும்போதே ஆடுகளுக்கு மேலே சென்று, பக்கத்து ஆள் கண்ணில் படும் தூரத்தில் வரிசையாகப் பிரிந்து, குட்டிகளின் நடைக்கேற்ப மெல்ல இறக்க வேண்டும். அவசரப்படுத்தினால் குட்டி பின்தங்கும்; அதைத் தேடித் தாய் திரும்பி வரிசையை உடைத்துக்கொண்டு ஓடும்.

முற்றத்தில் அடைத்த பிறகு, கத்தல் அடங்கித் தாயும் குட்டியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும்வரை காத்திருங்கள். இந்த வேலையில் இதைவிட முக்கியமான கட்டம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் குறியிடாத குட்டி யாருடையது என்பதற்கு அது எந்தத் தாயின் பின்னால் நிற்கிறது என்பதே சான்று. பெரிய ஆடுகளைக் காதில் வெட்டிய குறியாலும் மயிரில் பூசிய சாயத்தாலும் அடையாளம் காணலாம். முன்பக்கம் ஒரு வெட்டு, நுனியில் ஒரு பிளவு என ஒவ்வொரு பண்ணைக்கும் தனிக் குறி உண்டு. மயிர் வளர்ந்து சாயம் மங்கினாலும் காதுக்குறி அழியாது. அடையாளம் கண்ட ஆட்டை அந்தந்தப் பண்ணையின் அறைக்குள் குறுகிய வாசல் வழியே தள்ளிவிட வேண்டும். வர இயலாதவர்களின் ஆடுகளுக்கு ஓர் அறையை ஒதுக்கி, உரியவருக்கு அன்றே தகவல் அனுப்பவும்.

வேலை முடிந்ததும் எல்லா வாசல்களையும் திறந்தே விட்டுச் செல்லுங்கள். பனிக்காலத்தில் ஒதுங்க வரும் ஆடு உள்ளே அடைபட்டுவிடக் கூடாது.