ஊசி நூல் தொடாமல் ஒரு முன்கைக் கவசம்

காஸ்ப்ளே (கதை, சினிமாப் பாத்திரங்களைப் போல உடை போட்டு வேடமிடுவது) செய்ய ஆசை இருந்தும் தையல் தெரியாது என்பதற்காகவே ஒதுங்கி நிற்கிறவர்கள் நிறைய பேர். அவர்கள் முதலில் செய்து பார்க்க வேண்டியது முன்கைக் கவசம்தான் என்பேன். எந்தப் போர்வீரப் பாத்திரத்துக்கும் பொருந்தும், இரண்டு மூன்று நாள் மாலையில் முடிந்துவிடும், இதில் ஊசிக்கு வேலையே கிடையாது.

பொருள் ஈவிஏ ஃபோம். குழந்தைகள் அறையில் புதிர்த் துண்டுகள் போலக் கோத்துப் போடுவார்களே, மெத்தென்ற தரைவிரிப்பு, அதே சரக்குதான். அது கைக்குக் கொஞ்சம் தடிமன், அதனால் கவசத்துக்கு 5 மி.மீ, மேலே ஒட்டும் வேலைப்பாட்டுக்கு 2 மி.மீ ஷீட் வாங்குங்கள். கூடவே பிளேடு உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டர், ஹீட் கன் (கடும் சூடான காற்றை ஊதும் கருவி), அப்புறம் மரவேலைக்காரர்கள் மைக்கா ஒட்டுகிற ரப்பர் பிசின் (ஃபெவிகால் எஸ்ஆர் வகை, ஹார்டுவேர் கடையில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள்).

அளவெடுப்பதில்தான் உயிர் இருக்கிறது, இதில் அவசரப்படாதீர்கள். முழு நீளச் சட்டை போட்டுக்கொண்டுதான் கவசம் மாட்டப் போகிறீர்கள் என்றால் அந்தச் சட்டையோடே அளவெடுங்கள். கையை இறுக்கி முஷ்டி பிடித்துக்கொள்ளுங்கள், தளர்ந்த கையில் அளவெடுத்தால் பிறகு எதையாவது பிடிக்கும்போது சதை புடைத்துக் கவசம் கடிக்கும். யாரையாவது கூப்பிட்டு, சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான கிளிங் ஃபிலிமை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டச் சொல்லுங்கள். இறுக்கிச் சுற்றக் கூடாது. கை மடங்கும் இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளியே கவசம் முடிய வேண்டும், அதையும் டேப் மேலேயே மார்க்கரால் குறித்துவிடுங்கள். கையின் மேல்பக்க நடுவில் ஒரு நேர்கோடு போட்டு, அதன் குறுக்கே நான்கைந்து சின்னக் கோடுகளும் போடுங்கள். பின்னால் இரண்டு பாதிகளையும் பொருத்தும்போது எது எதோடு சேர வேண்டும் என்று காட்டப்போவது அந்தக் குறுக்குக் கோடுகள்தான். பிறகு முனை மழுங்கிய கத்தரிக்கோலால் அடிப்பக்கமாக வெட்டிக் கழற்றி, நடுக்கோட்டிலும் வெட்டினால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒரு தையல்காரர் எடுப்பதைவிட உங்கள் கைக்குப் பொருத்தமான அளவு இது.

துண்டுகளை ஃபோமில் வரையும்போது அடிப்பக்க விளிம்பில் மட்டும் கொஞ்சம் கூடுதல் விடுங்கள், ஏனென்றால் தடித்த ஃபோம் வளையும்போது உள்பக்கம் சுருங்கும். 5 மி.மீ ஃபோம் கையை முழுதாகச் சுற்ற ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம் வேண்டும். வெட்டும்போது பிளேடு புதிதாக இருக்கட்டும். ஃபோம் பிசிறு பிசிறாகக் கிழிந்தால் முனையை உடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நடுக்கோட்டு விளிம்பை மட்டும், உள்பக்கம் குறையும்படி, இரண்டு துண்டிலும் சாய்த்து வெட்டுங்கள். ஒட்டியபின் கவசத்தின் நடுவில் கூர்மையான ஒரு முகடு எழும்பும்.

ஒட்டுவதற்கு முன்பே சூடு காட்டுங்கள், ஒட்டியபின் காட்டினால் பிசின் இளகும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும், அதுதான் துளைகள் மூடிய அடையாளம். அப்படியே ஒரு பாட்டில் மேல் வளைத்து ஆறும்வரை பிடியுங்கள், வளைவு நின்றுவிடும். இன்னொன்றும் செய்யலாம்: சூட்டுக்கு முன் பிளேடால் பாதி ஆழத்துக்கு மட்டும் ஒரு கோடு கீறிவையுங்கள். சூடு பட்டதும் அந்தக் கீறல் மெல்ல வாய் திறந்து உளியால் செதுக்கிய பள்ளம் போல ஆகும். எத்தனை தடவை செய்தாலும் அந்த நொடி எனக்கு அலுக்கவில்லை.

பிசினை இரண்டு விளிம்பிலும் மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்தபின், குறுக்குக் கோடுகளைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போங்கள். பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. என் முதல் கவசத்தை ஈரத்தோடே ஒட்டிவிட்டேன், காஸ்ப்ளே விழா அரங்கில் மதியத்துக்குள் நடுவில் பிளந்துகொண்டது. ஹீட் கன், பிசின் இரண்டு வேலையும் மொட்டை மாடியில்தான், துணி முகக்கவசம் இந்தப் புகையையும் வாடையையும் தடுக்காது. இந்தப் பிசினைத் தெர்மாகோலில் மட்டும் தடவாதீர்கள், கரைந்துவிடும்.

2 மி.மீ பட்டைகளை ஓரங்களில் ஒட்டி, வெள்ளை ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. அப்புறம் முழுக்கக் கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட். வெள்ளி நிறத்தை நேராகப் பூசினால் பொம்மைச் சாமான் போல இருக்கும். பிரஷை வெள்ளியில் தொட்டு, காகிதத்தில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாதவரை துடைத்துவிட்டு, முகட்டிலும் ஓரங்களிலும் மட்டும் உரசுங்கள். இரும்பு தேய்ந்து மின்னுவது அங்கேதானே.

பட்டிக்கு, இரண்டு அடி விளிம்புகளிலும் எதிரெதிராகக் கீறி, எலாஸ்டிக் நாடாவின் நுனிகளை உள்ளே நுழைத்து, அதே பிசினால் ஒட்டி, மேலே ஒரு ஃபோம் துண்டை வைத்து மூடிவிடுங்கள். பின்பக்கம் பசையோடு வரும் வெல்க்ரோவை நம்பாதீர்கள், வியர்வையில் கழன்றுவிடும். வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்து, போன் எடுத்துப் பாருங்கள், உரசும் இடத்தில் கொஞ்சம் நறுக்கலாம். விழாவுக்கு எடுத்துப்போகும்போது பழைய துணியில் சுற்றுங்கள், பையில் சின்ன டப்பா பிசின் இருக்கட்டும், வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.